புதன் சட்டி

அத்தியாயம் பதினொன்று

அம்மா அப்பாவுடன் பேசுவதை நிறுத்தி இன்றோடு பத்தொன்பது நாள்.

இந்த வாரம்தான் புதிதாக நம்மோடு சேர்ந்துகொள்பவர்களுக்காக நான்கு வரி. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக முப்பத்து மூன்று வருஷம் நின்றே வேலை பார்த்த அப்பா, ஓய்வு பெற்ற கையோடு ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் ஒரு சின்னக் கடையைப் பிடித்துவிட்டார். வேலைக்குப் போகிறவர்களுக்கு வீட்டுச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக் கொடுக்கப் போகிறாராம். அட்வான்ஸ் கொடுத்து, சாவியும் வாங்கி, வீட்டுக்கு வந்து கை கால் கழுவிய பிறகுதான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

"ஓய்வுப் பணத்தை அடுப்புல போடப் போறீங்களா?" என்று அம்மா கேட்டாள். அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் மகள் வழியாகத்தான் நடந்தது. மகள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இங்கே இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமலே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"வெந்நீர் ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

உங்கப்பா மூன்றடி தூரத்தில் நின்று சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருப்பார்.

"நான் குளிச்சு அரை மணி நேரம் ஆச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு சம்பளம் போட்டுக் குடுங்க. கடை வேலையை விட்டுடறேன்," என்பாள் மகள்.

இந்த லட்சணத்தில் நேற்று மாலை அம்மாவுக்கு ஒரு போன் வந்தது.

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். அழைத்தவள் அவளோடு வேலை பார்த்த சின்னவள். அவர்கள் ஆறு பேர் கூட்டத்தில் இன்னும் வேலையில் இருந்தவள் அவள் ஒருத்திதான். அவளும் இன்று ஓய்வு பெறுகிறாள்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் ஆறு பேரும் வரணும். அதே மூணாவது மாடி ரூம். அவங்கவங்க கிழமைச் சாப்பாட்டை அவங்கவங்க கொண்டு வரணும். நீங்க புதன் சட்டி இல்லாம வந்தீங்கன்னா வாட்ச்மேன்கிட்ட சொல்லிக் கேட்டையே திறக்க விடமாட்டேன், ஆமா!"

அம்மா சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். வைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டுமானால், பழைய கதைக்குக் கொஞ்சம் போக வேண்டும்.

அந்த எக்ஸ்சேஞ்சில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். மூன்று மாடி இறங்கி, கேன்டீனில் வரிசையில் நின்று, வாயில் எதையோ போட்டுக்கொண்டு மேலே ஓடி வர வேண்டும். ருசியும் இருக்காது, வயிறும் நிறையாது. மாதக் கடைசியில் பார்த்தால் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்தக் கேன்டீன் தட்டில் போயிருக்கும். எல்லாருமே புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள், இல்லாவிட்டால் தம்பி தங்கைகளைப் படிக்கவைப்பவர்கள். ஐந்தில் ஒரு பங்கு என்பது அன்றைக்குப் பெரிய தொகை.

மேற்பார்வையாளராக இருந்த அக்காதான் வழி கண்டுபிடித்தாள். "தினமும் ஆறு பேரு ஆறு வீட்டுல ஆறு டப்பா கட்டறதுக்கு, ஆளுக்கு ஒரு நாள் ஆறு பேருக்கும் கட்டலாமே. வாரத்துல ஒரு நாள்தான் கஷ்டம். அஞ்சு நாள் கையை வீசிக்கிட்டு வரலாம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஆளுக்கொரு கிழமை. கிழமையே பேராகவும் ஆனது. மேற்பார்வை அக்கா திங்கள் ஆனாள். பிறகு செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. கடைசியில் சேர்ந்தவளுக்குச் சனிக்கிழமை கிடைத்தது. அந்த நல்ல பெண்ணைப் போய்ச் சனி என்று கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் அவள் மட்டும் சின்னவள்.

மிச்சமான கேன்டீன் காசில் திங்கள் வீட்டுக் கூரை மாறியது, வியாழனின் தம்பி படித்தான், நம் மகள் நல்ல பள்ளியில் சேர்ந்தாள்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்த ஆறு பேரும் ஒரு நாள்கூட ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. லைனை யார் எடுப்பது? பன்னிரண்டரைக்கு மூன்று பேர், ஒரு மணிக்கு மூன்று பேர். முதல் பந்தி பாதிச் சட்டிக்கு மேல் தொடாது. எவ்வளவு பசி இருந்தாலும், எவ்வளவு ருசியாக இருந்தாலும், பாதியோடு கரண்டியை வைத்துவிட வேண்டும். பதினெட்டு வருஷத்தில் ஒரு முறைகூட அதில் குறை வந்ததில்லை.

புதன்கிழமை அம்மாவுடையது. அம்மாவுக்கோ சமையல் சுட்டுப் போட்டாலும் வராது. முதல் புதன்கிழமை காலை ஐந்து மணிக்குச் சட்டியைத் தீயவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பா வந்து பார்த்தார். வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

வெங்காயத்தைச் சிவக்கச் சிவக்க வதக்கி, தக்காளியைக் கரையவிட்டு, உருளைக்கிழங்கும் அவித்த முட்டையும் போட்டு அவர் இறக்கியதை அம்மா சோற்றோடு தூக்கிக்கொண்டு போனாள். சாப்பிட்டவர்கள் அசந்து போனார்கள்.

"நீயா செஞ்சே?" என்று திங்கள் கேட்டாள்.

அம்மா தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டல் பதினெட்டு வருஷம் நீடித்தது.

அப்பாவுக்கு இது தெரியாது. ஒவ்வொரு புதன்கிழமையும் அம்மா வீட்டுக்கு வந்து, "எல்லாரும் ஆஹா ஓஹோன்னு பாராட்டினாங்க" என்பாள். பாராட்டு தனக்குத்தான் என்று அப்பா நினைத்துக்கொண்டார். புதன்கிழமை மட்டும் மதிய ஷிப்ட் வேண்டும் என்று டிப்போவில் கெஞ்சி வாங்கிக்கொண்டார். அதற்குப் பதிலாக விடுமுறை நாள்களில் வேலைக்குப் போனார். வெளியாட்களை உள்ளே விடாத கட்டடம் என்பதால் அந்த ஐந்து பேரில் ஒருவரைக்கூட அவர் பார்த்ததில்லை.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். அம்மா கடை வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றது பணத்துக்காக இல்லை. ஐந்து பேரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். யாராவது ஒருத்தி அந்தக் கடை டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்தால் போதும். அங்கேயும் மானம் போகும், வீட்டிலும் போகும். இதை மகளிடம்கூட அவள் சொல்லவில்லை.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு அம்மா தானே அடுப்பைப் பற்றவைத்தாள். தோற்றால் தோற்கட்டும், அவரிடம் போய் நிற்பதில்லை என்று ஒரு வீம்பு. கால் மணி நேரத்தில் வீடு முழுக்கக் கருகல் வாசனை வந்தது.

அப்பா வந்து நின்றார். சட்டியைப் பார்த்தார். அம்மாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கினார்.

"வேற வெங்காயம் எங்க இருக்குன்னு உங்கம்மாகிட்ட கேளு."

பல் தேய்த்துக்கொண்டிருந்த மகள் வாயில் நுரையோடு, "அம்மா, வேற வெங்காயம்?" என்றாள்.

"கீழ்க் கூடையில."

"கீழ்க் கூடையிலயாம்ப்பா."

அப்பா கால்களை அகட்டி வைத்து நின்றபடி கிளறினார். அடுப்பு ஓடுகிற பஸ்ஸிலா இருக்கிறது? முப்பத்து மூன்று வருஷப் பழக்கம், போகவில்லை. அம்மா கதவோரம் நின்று அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பேச ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டி வருமே என்று வாயை மூடிக்கொண்டாள்.

பதினொரு மணிக்குச் சட்டியோடு அவள் டாக்ஸியில் ஏறினாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலில் நின்ற அப்பா, உள்ளே போய் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?" லீவு போட்டிருந்த மகள் கேட்டாள்.

"கட்டடக்காரர் மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு. இன்னைக்கு மிச்சப் பணத்தைக் கட்டணும், இல்லன்னா சாவியைத் திருப்பிக் குடுக்கணும். குடுத்துடலாம்னு இருக்கேன். நடுவுல டிப்போவுல கொஞ்சம் வேலை இருக்கு."

"என்னப்பா இது! நேத்துகூட டப்பா எல்லாம் விலை விசாரிச்சீங்களே?"

"விசாரிச்சேன்." அப்பா சாவியை எடுத்து மேல் பையில் போட்டுக்கொண்டார். "உங்கம்மாவோட சிநேகிதிங்க அஞ்சு பேரு, பதினெட்டு வருஷம் என் சமையலை ரசிச்சுச் சாப்பிட்டாங்க. புதன்கிழமை ராத்திரி நான் ஷிப்ட் முடிச்சு வந்ததும் உங்கம்மா சொல்லுவா. திங்கள் அக்கா ரெண்டு தடவை வாங்கினாங்க, வெள்ளி விரலை நக்கினான்னு. எனக்கு மெடல் குத்தின மாதிரி இருக்கும். பஸ்ஸுல எவனாவது டிக்கெட் எடுக்காம சண்டைக்கு வந்தாகூட, போடா, என் சமையலுக்கு அஞ்சு பேரு காத்திருக்காங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். அந்த தைரியத்துலதான் கடையே பிடிச்சேன்."

"அப்புறம் என்னப்பா?"

"வீட்டுல இருக்கறவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருக்கா. ஊருக்குச் சமைச்சுப் போட்டு நான் என்ன பண்ணப் போறேன்?"

அவர் படி இறங்கிப் போய்விட்டார். மகள் அம்மாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அங்கே மூன்றாவது மாடியில் அந்த நீள மேஜை அப்படியே இருந்தது. லைன் எடுக்கிற பலகைகளும் காதில் மாட்டுகிற கருவிகளும் எப்போதோ போய்விட்டன. பக்கத்து அறை முழுக்க இப்போது பைல் கட்டுகள். ஆனால் ஜன்னல் அதே ஜன்னல், சுவரில் கடிகாரம் அதே ஐந்து நிமிஷம் முந்தி ஓடியது.

ஆறு பாத்திரங்களும் வரிசையாக வந்து உட்கார்ந்தன. மணி பன்னிரண்டரை. திங்களும் செவ்வாயும் வியாழனும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மற்ற மூன்று பேரும், யாரும் சொல்லாமலே, ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்கள்.

திங்கள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏண்டி அங்க நிக்கிறீங்க?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வாங்கடி, உட்காருங்க. இனிமே யாரு லைன் எடுக்கணும்?"

அவ்வளவுதான், அந்த அறையில் ஒரே சிரிப்பு. சிரித்து முடித்தபோது வெள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆறு பேரும் முதன்முதலாக ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். அப்படியும் பாருங்கள், புதன் சட்டி பாதி ஆனதும் திங்களின் கை தானாக நின்றுவிட்டது.

"கை அப்படியே இருக்குடி உனக்கு," என்றாள் வியாழன், அம்மாவைப் பார்த்து. "ஒரு மாத்தும் குறையல."

அம்மா பழக்கப்படி தலையை ஆட்டினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கதைகள் ஓடின. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். பிறகு சின்னவளைப் பேசச் சொன்னார்கள். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எனக்குப் பேச வராது. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். எங்க வீட்டுக்காரரோட ஆலையை மூடி, ஒரு வருஷம் வேலை இல்லாம இருந்தாரே, ஞாபகம் இருக்கா? சனிக்கிழமை நான் வெறும் சோறு மட்டும் கொண்டு வருவேன். நீங்க யாரும் ஒரு வார்த்தை கேட்கல. ஆனா அந்த வருஷம் புதன் சட்டி பெருசாயிடுச்சு. எப்பவும் மிஞ்சும். புதன் அக்கா என்ன பண்ணுவாங்க தெரியுமா? 'எடுத்துட்டுப் போடி, இதைத் திரும்பத் தூக்கிட்டுப் போக என்னால ஆகாது'ன்னு என் பையில வெச்சு விடுவாங்க. என்னமோ பாரம் தாங்காத மாதிரி! எனக்குக் கூச்சமா இருக்கக் கூடாதுன்னு அப்படி நடிச்சாங்க. என் பசங்க ரெண்டும் புதன்கிழமை சாயங்காலம் ஆனா வாசல்லயே நிக்கும். அக்கா, இத்தனை வருஷத்துல நான் உங்களுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லல."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா நடிக்கவில்லை. அதுதான் விஷயம். சட்டி உண்மையாகவே கனத்தது. சின்னவள் வீட்டுக் கஷ்டத்தை அம்மா தன் வீட்டில் வம்புபோலப் பேசினாள். அடுத்த புதன்கிழமை சட்டி பெரிதாகியிருந்தது. "ஆறு பேருக்கு எதுக்கு இவ்வளவு? என் தோள்பட்டை போகுது" என்று அப்பாவைத் திட்டினாள். "அளவு தப்பிடுச்சு" என்றார் அவர். அதற்கடுத்த வாரமும் அளவு தப்பியது. ஒரு வருஷம் முழுக்க ஒரு மனிதனுக்கு அளவு தப்புமா? அவள் அதைக்கூட யோசித்துப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. சமைத்த பேரை எடுத்துக்கொண்டது போகட்டும், ஏதோ சின்ன வயசு, ஏதோ ஆசை. இதை எடுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

"அது நான் இல்லடி," என்றாள்.

"என்னக்கா?"

"எனக்கு நிஜமாவே பாரம் தாங்கல. அதான் உன் பையில வெச்சேன். சட்டியைப் பெருசாக்கினது எங்க வீட்டுக்காரர். செஞ்சதும் அவர்தான். முதல் நாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் எல்லாப் புதனும் அவர்தான் செஞ்சாரு. எனக்கு வெங்காயம்கூட வதக்கத் தெரியாது."

சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ எனக்கு எழுதிக் குடுத்தியே, எப்படிச் செய்யறதுன்னு?" வெள்ளி மெல்லக் கேட்டாள்.

"அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்."

"அதானே பார்த்தேன். நான் செஞ்சப்போ நல்லா வந்துச்சே!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கைக்குட்டைக்காகப் பையைத் திறந்தவள் போனைப் பார்த்தாள். மகளிடமிருந்து ஏழு அழைப்புகள். கீழே ஒரு செய்தி. 'அப்பா சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருக்கிறார். மூன்று மணிக்குக் கடையில். நீ பேசாததால்தான்.'

மணி இரண்டு இருபது.

அம்மா அப்பாவின் எண்ணை அழுத்தினாள். பத்தொன்பது நாளில் முதல் முறை. எடுத்தது மகள்.

"அப்பா போனை மேஜை மேலயே வெச்சுட்டுப் போயிட்டாரும்மா."

அம்மா செருப்பைத் தேடினாள். எதற்கு, எங்கே என்று கேட்ட திங்களிடம் நாலு வார்த்தையில் சொன்னாள். சின்னவள் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நானும் வரேன். எனக்குக் கையெழுத்து நாலு மணிக்குத்தான். அந்த மனுஷனை நான் பார்க்கணும்."

டாக்ஸியில் மூன்று பேர் ஏறினார்கள். திங்கள் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவரை மேற்பார்வை பார்த்தாள். பின்னால் சின்னவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் கடை திறந்திருந்தது. சுண்ணாம்பு அடித்த வெறும் அறை, ஒரு தண்ணீர்க் குழாய், சுவரோரம் இன்னும் பிரிக்காத ஒரு புது அடுப்பு. நடுவில் அப்பாவும் கட்டடக்காரரும் நின்றிருந்தார்கள். அப்பாவின் கை மேல் பைக்குள் போயிருந்தது.

"ஏங்க!"

டாக்ஸி நிற்பதற்கு முன்பே அம்மா கத்திவிட்டாள்.

அப்பா திரும்பினார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, கட்டடக்காரரே யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

"சாவியைக் குடுக்காதீங்க," என்றாள் அம்மா, மூச்சு வாங்க.

அப்பா பதில் சொல்வதற்குள் சின்னவள் முன்னால் வந்து நின்றாள். "சார், நான் சனிக்கிழமை. சின்னவன்னு சொல்லுவாங்க."

"அட, நீங்களா!" அப்பா ஒரு நிமிஷம் தடுமாறிப் போனார். இத்தனை வருஷமாகப் பேச்சில் மட்டும் தெரிந்த மனுஷி. "உங்க ரெண்டாவது பையனுக்கு முட்டை ஒத்துக்காதுன்னு இவ சொன்னாளே, இப்போ சரியாயிடுச்சா? அந்த வருஷம் அவனுக்காகத்தான் சட்டி அடியில வெறும் உருளைக்கிழங்கா வைப்பேன்."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போ அவனுக்கே ரெண்டு பசங்க சார்," என்றாள். பிறகு சந்தோஷத்தில் ஒன்றையும் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். "இதெல்லாம் நீங்க செஞ்சதுன்னு எங்களுக்கு இன்னைக்குத்தான் சார் தெரியும்!"

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"இன்னைக்குத்தானா?"

அவர் சின்னவளைக் கேட்கவில்லை. அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நான் செஞ்சதா சொல்லிட்டேங்க," என்றாள் அம்மா. "முதல் நாளே சொல்லிட்டேன். அப்புறம் மாத்திச் சொல்ல வாய் வரல. கடை வேண்டாம்னு சொன்னதும் அதுக்குத்தான். பணத்துக்கு இல்ல."

"அப்போ திங்கள் அக்கா என்னைப் பாராட்டினதே இல்லையா? ஒரு நாள்கூட?"

அம்மா தலை குனிந்து நின்றாள். தெருவில் ஒரு பஸ் போனது. அப்பா வழக்கமாக எந்தப் பஸ் போனாலும் நம்பரைப் பார்ப்பார். இப்போது பார்க்கவில்லை.

கட்டடக்காரர் மெதுவாகக் கனைத்தார். "சார், மூணு அடிக்கப் போகுது. பணமா, சாவியா?"

அப்பா பையிலிருந்து கையை எடுத்தார். சாவி அவர் விரலிடுக்கில் இருந்தது. அதை அவர் நீட்டவும் இல்லை, திரும்பப் பைக்குள் போடவும் இல்லை.

"ஒரு அரை மணி நேரம் குடுங்க," என்றார். "இவகிட்ட நான் கொஞ்சம் பேசணும்."